வானொலி வானியலில் வழுக்காணும் மரபு

நூல் இயற்றிய புலவன் தன் நூலைத் தானே புகழ்ந்துரைப்பின் அதனை ஏற்பார் இலர். அறிந்தோர் கூடிய அவையில் அதனைப் படித்துக் காட்டி, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறி, அதன் பின்னரே உலகிற்கு அளித்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அதனை அரங்கேற்றம் என்றனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்று அந்நூலின் பாயிரம் கூறுகின்றது. ஆசான் சூத்திரந்தோறும் குற்றங் கூறினார் என்றும், தொல்காப்பியர் அவற்றிற்கெல்லாம் விடை பகர்ந்தார் என்றும் நச்சினார்க்கினியர் உரைக்கும் கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும் அதன் உட்கிடை தெளிவு. ஆக்கியோன் கண் ஒன்று. ஆராய்வோன் கண் பிறிதொன்று. இரண்டும் கூடியவிடத்தே நூல் நிலைபெறும்.

இந்நெறி இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணாற் காணவியலாத வானத்தை ஆராயும் வானொலி வானியல் என்னும் இளந்துறையும் பல ஆண்டுகள் பட்டுத் தேறி இந்நெறிக்கே வந்து சேர்ந்துள்ளது. அத்துறையினர் தாம் திரட்டிய தரவுகளை விம்பமாக்கும் மென்பொருள்களை, அவற்றைப் பயன்படுத்துவோரைக் கொண்டே சோதிக்கும் முறையை எவ்வாறு படிப்படியாக வளர்த்தனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். யான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆயினும், ஒரு சான்றை எப்பொழுது நம்பலாம் என்னும் வினா வரலாற்றாசிரியனுக்கும் வானியலறிஞனுக்கும் பொதுவானது. அவ்வினாவே என்னை இப்பொருளின்பால் ஈர்த்தது.

கட்புலனாகா வானம்

1931ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே, பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளர், கடல் கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறு விளைக்கும் இரைச்சல்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஆராயப் புகுந்தார். ஹொல்ம்டெல் என்னும் ஊரிலே சுழலும் அலைவாங்கி ஒன்றை அமைத்தார். இடிமின்னலால் எழும் இரைச்சல்களை வேறுபிரித்த பின்னரும் மெல்லிய சீறலோசை ஒன்று எஞ்சி நின்றது. அது நாடோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி உச்சமடைவதை அவர் கண்டார். ஞாயிற்றைக் கொண்டு கணிக்கும் நாளினும் விண்மீனைக் கொண்டு கணிக்கும் நாள் ஏறக்குறைய நான்கு நிமிடம் குறுகியது. ஆதலின் அவ்வோசை ஞாயிற்றிலிருந்து வருவதன்று, பால்வீதியிலிருந்து வருவது என்று துணிந்து, 1933இல் அதனை வெளியிட்டார். ஒலிபரப்பைக் குறிக்க நாம் வழங்கும் வானொலி என்னுஞ் சொல் அன்றுதான் தன் முழுப்பொருளையும் பெற்றது எனலாம்.

1937இல் குறோட் ரீபர் என்பவர் இலினோய் மாநிலத்திலே தம் வீட்டு வளவில் ஏறக்குறைய ஒன்பது மீற்றர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்றைத் தம் கைப்பொருளைக் கொண்டே நிறுவி, வானத்தின் வானொலிப் படத்தை வரையத் தொடங்கினார். ஆயினும் இப்புதிய கண் மிக மங்கலானது. வானொலியலை ஒளியலையினும் பல்லாயிரம் மடங்கு முதற் பல இலட்சம் மடங்கு வரை நீண்டது. அலை நீளுந்தோறும் விம்பம் மங்கும். கூர்மையாகக் காண வேண்டின் பல கிலோமீற்றர் அகலமுள்ள கிண்ணம் வேண்டும். அத்தகைய கிண்ணத்தை எவராலும் வார்க்கவியலாது.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து துறையை மீட்டது கணிதமே. சிறு கிண்ணங்கள் பலவற்றை ஒன்றற்கொன்று தொலைவில் நிறுத்தி, இரண்டிரண்டாக அவற்றின் அலைகளை ஒப்பிட்டு, பெற்ற அளவுகளைப் பூரியர் உருமாற்றம் என்னும் கணிதமுறையால் ஒருங்கே சேர்ப்பின், பெருங்கிண்ணத்தின் கூர்மை கிட்டும். சிட்னியிலே மக்றெடி, போசி, றூபி பெயின்-ஸ்கொற் ஆகிய மூவரும் 1947இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்துக்கு வித்திட்டனர். கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்திலே மாட்டின் றைல் இதனைச் செயலாக்கினார். அங்கு 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணினியும் அதன் வழித்தோன்றலும் இல்லையாயின் அவருடைய கணக்குகள் முடிந்திரா. 1974இல் அன்ரனி ஹூவிஷ் என்பவரோடு சேர்ந்து அவர் பௌதிகத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றார்.

மாணவர் ஈண்டு ஒன்றை உய்த்துணர்தல் வேண்டும். கலிலியோ தம் தொலைகாட்டியிற் கண்ணை வைத்து வியாழனின் துணைக்கோள்களைக் கண்டார். ஐயுற்றவரும் அதே குழாயிற் கண்ணை வைத்துப் பார்க்கலாம். வானொலி வானியலார் பலகிண்ணத் தொகுதியிற் கண்ணை வைத்துப் பார்த்தற்கு யாதும் இல்லை. எண்கள் வருகின்றன, கணக்குச் செய்யப்படுகின்றது, இறுதியில் ஒரு விம்பம் தோன்றுகின்றது. அவ்விம்பத்தின் மெய்ம்மை கணக்கின் மெய்ம்மையைச் சார்ந்தது. கணக்கில் வழு நேரின் வானத்தில் இல்லாத விண்பொருள் ஒன்று படத்திற் பிறந்துவிடும். உள்ள விண்பொருள் ஒன்று மறைந்தும் போகலாம்.

கணக்கின் கையில் விம்பம்

இத்துறையின் பெருங்கருவிகளுள் ஒன்று அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே சான் அகஸ்ரின் சமவெளியில் அமைந்துள்ள மாபெருந் தொகுதி. 1980இல் திறந்துவைக்கப்பட்ட அத்தொகுதியில் 25 மீற்றர் விட்டமுள்ள கிண்ணங்கள் 27 உள. அவை இருப்புப் பாதைகளின் மேல் முக்கிளையாக நிறுத்தப்பட்டுள்ளன. கிளையொன்று 21 கிலோமீற்றர் வரை நீளும். 27ஐ 26ஆற் பெருக்கி இரண்டால் வகுப்பின் 351 வரும். ஒரே வேளையில் 351 சோடிகளின் ஒப்பீடு கணமும் ஓயாது வந்து குவிகின்றது என்பது இதன் பொருள். மனிதன் கையாற் கணித்து முடிக்கக் கூடியதன்று இது.

மேலும் கிண்ணங்களுக்கிடையே வெற்றிடம் உண்டாதலின் தரவு என்றும் முழுமையுறாது. புள்ளிபோன்ற ஒரு விண்பொருள்கூடத் தன்னைச் சூழ வளையங்களும் கதிர்களும் உடையதாய்த் தோன்றும். அவை வானத்துக்கு உரியனவல்ல, கருவியின் நிழல்கள். அவற்றை அகற்றும் முறையொன்றை ஜான் ஹொக்பொம் என்னும் அறிஞர் 1974இல் வெளியிட்டார். தூய்மையாக்கல் என்னும் பொருள்படும் பெயருடைய அம்முறை எளிது. படத்தில் மிகவும் ஒளிமிக்க புள்ளியைத் தேடுக, அப்புள்ளியால் உண்டாகும் வளையங்களின் வடிவம் முன்னரே தெரிந்ததாதலின், அவற்றுட் சிறிது பங்கைக் கழிக்க, மீளவும் தேடுக, மீளவும் கழிக்க. இவ்வாறு பன்னூறு முறையோ பல்லாயிரம் முறையோ செய்தபின், கழித்தெடுத்த புள்ளிகளைக் கொண்டு தூய விம்பத்தை அமைக்க.

எளிமையாயினும் இம்முறை செய்வோனுடைய கையில் இரு முடிவுகளை விட்டுவிடுகின்றது. எந்த எல்லைக்குள் தேடுவது என்பது ஒன்று. எப்பொழுது நிறுத்துவது என்பது மற்றொன்று. விரைந்து நிறுத்தின் கருவியின் நிழல் எஞ்சும். நிறுத்தாது தொடரின் இரைச்சலே விண்பொருளாகிவிடும். பரந்து மங்கலாகக் கிடக்கும் முகில்களை இம்முறை சிலவேளை வரிவரியாகக் காட்டும் என்பதும் பின்னர்ப் பயன்பாட்டிலே தெரிய வந்தது. ஆகவே மென்பொருளைச் சோதித்தல் என்பது கூட்டல் கழித்தல் பிழையின்றி நடக்கின்றதா என்று பார்ப்பதோடு அமையாது. அதனைக் கையாளும் மனிதன் அதனால் எங்கே வழுக்கி விழுகின்றான் என்றும் பார்த்தல் வேண்டும். அதற்கு மென்பொருளை எழுதியவனினும் பயன்படுத்துவோனே தக்க சான்றாளன்.

முறைப்பாட்டுக்கென ஒரு சொல்

1978இல் அமெரிக்கத் தேசிய வானொலி வானியல் அவதான நிலையத்தினர், வேர்ஜீனியா மாநிலத்துச் சாள்ற்ஸ்வில் நகரிலே, ஏயிப்ஸ் என்னும் மென்பொருள் தொகுதியை ஆக்கத் தொடங்கினர். வானியல் விம்பங்களை ஆக்கும் அத்தொகுதி பின்னர் உலகின் பல பாகங்களுக்கும் பரவியது. நூற்றுக்கணக்கான பணிகளைத் தன்னுள் அடக்கிய அதனில், வரலாற்று மாணவனின் கண்ணைக் கவரும் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் கிரைப் என்பது. முறைப்பாடு அல்லது முணுமுணுப்பு என்று நாம் அதனைத் தமிழ்ப்படுத்தலாம்.

தரவோடு போராடிக்கொண்டிருக்கும் வானியலார் ஒருவர், மென்பொருள் தவறிழைக்கின்றது என்றோ, விளக்கம் போதாது என்றோ, இன்ன வசதி வேண்டும் என்றோ கருதின், இருந்த இடத்திலிருந்தே அச்சொல்லைத் தட்டித் தம் குறையை எழுதலாம். அது கோப்பிற் பதியும். பதிந்தவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தற்கும், வேண்டாதனவற்றை மீளப்பெறுதற்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. எழுதியோர் அவற்றைப் படித்து விடை கூறினர். குறைகூறும் வாயிலைக் கருவிக்குள்ளேயே அமைத்துவைத்த இச்செயல் சிறிதெனினும் கருத்தாற் பெரிது. சினம் ஆறுமுன்னும் நினைவு மங்குமுன்னும் கூறப்படும் குறையே துல்லியமான குறை. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணி கட்டிய அரசனின் கதையை அறிந்த நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். மணி எட்டாத உயரத்திற் கட்டப்படவில்லை என்பதே இதன் சிறப்பு.

முணுமுணுப்பு ஒரு புறமாக, ஒழுங்கான சோதனை மறுபுறம் வளர்ந்தது. மென்பொருளைப் புதிய கணினி ஒன்றில் நிறுவும்போது அது பழைய விடையையே தருகின்றதா என்று அறிதல் வேண்டும். அதன்பொருட்டுக் குறித்த தரவொன்றையும், அதற்கு உரிய சரியான விடைகளையும் முன்கூட்டியே ஆக்கிவைத்து, முக்கிய பணிகளை வரிசையாக இயக்கி, வந்த விடையை வைத்த விடையோடு ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. அழுக்குப் பன்னிரு பணிகள் என்று விளையாட்டாக அதற்குப் பெயரிட்டனர். அளவுதிருத்தல், விம்பமாக்கல், தூய்மையாக்கல் என்னும் படிகள் யாவும் அதனுள் அடங்கின. விடை தெரிந்த கணக்கை முதலிற் கொடுத்துப் பார்த்தே விடை தெரியாத கணக்கை ஒப்படைத்தல் வேண்டும் என்னும் பேருண்மை இவ்வாறு வழக்கிற்கு வந்தது.

நெடுங்காலம் அவையேறாத நூல்

1990களின் தொடக்கத்தில், ஏயிப்ஸ் மூத்துவிட்டது, அதன் உட்கட்டமைப்புச் சிக்கலாகிவிட்டது என்னும் எண்ணம் எழுந்தது. புதிய நெறியில், சீ பிளஸ் பிளஸ் என்னும் கணினிமொழியில், முற்றிலும் புதியதொரு தொகுதியை ஆக்க முனைந்தனர். ஏயிப்ஸ் பிளஸ் பிளஸ் என்று அது பெயர்பெற்றது. அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நெதர்லாந்து, இங்கிலாந்து, கனடா, இந்தியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அம்முயற்சியிற் கூடின.

இந்தியா அக்கூட்டில் இடம்பெற்றமை தற்செயலன்று. கோவிந்த சுவரூப் என்னும் அறிஞரின் தலைமையில், தமிழ்நாட்டு நீலகிரியிலே உதகமண்டலத்தை அடுத்து, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உள்ள உருளைவடிவத் தொலைகாட்டி ஒன்று 1970இல் நிறைவெய்தியது. அவ்விடத்து மலைச்சரிவு அவ்விடத்தின் அகலக்கோட்டுக்கு ஒத்த ஏறக்குறைய 11 பாகை உடையது. ஆதலின் தொலைகாட்டியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சிற் சுழற்றியே விண்பொருளைப் பல மணிநேரம் பின்தொடர இயன்றது. அதன்பின் அக்குழுவினர் மகாராட்டிர மாநிலத்திலே பூனாவுக்கு வடக்கே, 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட தொகுதியை எழுப்பினர். தரவு பெருகும் இடத்தே மென்பொருளின் தேவையும் பெருகுதல் இயல்பே.

புதிய தொகுதியின் அடித்தளம் உறுதியாக இடப்பட்டது. ஆயினும் வானியலார் ஒருவர் தம் தரவைத் தொடக்கம் முதல் இறுதி வரை அதனைக் கொண்டே ஆக்கி முடிக்கும் நிலை வருதற்குப் பல ஆண்டுகள் சென்றன. முதலாவது பொதுப் பதிப்பு 1999இலேதான் வெளிவந்தது. அதற்குள் வானியலார் பழைய ஏயிப்ஸோடு பழகிவிட்டனர். பலர் அதனை விட்டு வர விரும்பினாரல்லர். அடித்தளம் எத்துணை அழகியதாயினும் குடியிருப்போன் அடுப்பங்கரையைத்தான் முதலிற் பார்ப்பான். கட்டுவோன் பல ஆண்டுகள் அடித்தளத்தையே செப்பஞ்செய்துகொண்டிருப்பின் குடியிருப்போன் பழைய வீட்டிலேயே தங்கிவிடுவான்.

இதனைத் தோல்வி என்று கூறல் பொருந்தாது. அத்தொகுதியின் அடித்தளம் காசாகோர் என்னும் பெயரில் வாழ்ந்து, நெதர்லாந்தின் லோபார், மேற்கு அவுஸ்திரேலியாவின் அஸ்காப் ஆகிய புதிய தொகுதிகளுக்கும் பயன்பட்டது. ஆயின் அவ்வனுபவம் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. பயன்படுத்துவோரைக் கடைசி நாளில் அழைத்துக் காட்டுவது சோதனையாகாது. ஆக்கம் நிகழும் காலமெல்லாம் அவர்கள் உடனிருத்தல் வேண்டும்.

அல்மாவும் ஒழுங்கமைந்த சோதனையும்

அப்பாடத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு விரைவில் வந்தது. தென்னமெரிக்காவிலே சிலி நாட்டின் அற்றகாமா பாலைநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5000 மீற்றர் உயரத்தில், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கிழக்காசியாவும் சிலி நாட்டோடு கூடி 66 கிண்ணங்களைக் கொண்ட அல்மா என்னும் தொகுதியை அமைத்தன. 2011இல் ஆராய்ச்சிப் பணி தொடங்கிற்று. 2013இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஏயிப்ஸ் பிளஸ் பிளஸின் அடித்தளத்தின் மேல், பைதன் என்னும் எளிய கணினிமொழியாற் கட்டளையிடத்தக்கதாக அமைத்த காசா என்னும் மென்பொருளே அதன் தரவுகளை விம்பமாக்கத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் முன்னோடிப் பதிப்பு 2007இல் வானியலாரின் கைக்கு எட்டியது.

கிண்ணங்கள் மலையேறுமுன்னரே மென்பொருள் தேர்வெழுதத் தொடங்கிற்று. அல்மாவின் தரவு இன்னும் பிறவாத காலமாதலின், ஏலவே இயங்கிய வேறு தொகுதிகளின் உண்மைத் தரவுகளை அதற்கு ஊட்டினர். பிரான்சின் அல்ப்ஸ் மலையிலுள்ள பிளற்றோ டி பூர் தொகுதியின் தரவு அவற்றுள் ஒன்று. அத்தொகுதிக்கே உரிய கில்டாஸ் என்னும் மென்பொருள் தந்த விடையோடு புதிய மென்பொருள் தந்த விடையை ஒப்பிட்டனர். விம்பம் சரியாக வருகின்றதா என்பதோடு எவ்வளவு விரைவில் வருகின்றது என்பதும் வினாவாயிற்று. அதன்பின், மென்பொருளை எழுதாத வானியலாரை அழைத்துப் பதிப்புக்குப் பதிப்பு சோதிக்கும் வழக்கமும் நிலைபெற்றது.

இத்தகைய சோதனையை ஒருங்கிணைப்பவரின் பணி புறத்தே தோன்றாதது; ஆயினும் மிக நுட்பமானது. முதலாவதாக, அவர் சோதிப்போரைத் தெரிதல் வேண்டும். கைதேர்ந்தவரை மட்டும் தெரியின், அவர் குழியை அறிந்து தாமாகவே விலகி நடந்துவிடுவர். குழி இருந்தபடியே இருக்கும். புதியவரை மட்டும் தெரியின், விடை தவறாயினும் தவறென்று அறியார். இருசாராரும் வேண்டும். இரண்டாவதாக, எல்லோருக்கும் ஒரே தரவையும் ஒரே வழிகாட்டி நூலையும் ஒரே கால எல்லையையும் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் அவர்தம் கூற்றுகளை ஒப்பிடவியலாது. மூன்றாவதாக, அறிக்கைகளைத் தொகுத்து, விடையையே பிழையாக்கும் வழு எது, வேலையைத் தடைசெய்யும் வழு எது, வெறும் வசதிக்குறை எது என்று தரம்பிரித்தல் வேண்டும். நான்காவதாக, அவற்றை ஆக்கியோரிடம் எடுத்துச்சென்று, அவர் மனம் புண்படாதும் உண்மை மழுங்காதும் உரைத்தல் வேண்டும். இறுதியாக, திருத்திய பதிப்பை மீளவும் சோதிப்போர் கையிற் கொடுத்தல் வேண்டும். ஒரு வழுவைத் திருத்தப்போய் வேறொரு வழுவை உண்டாக்கல் கணினித் தொழிலில் அடிக்கடி நிகழ்வதொன்று.

இவற்றுள் நான்காவதே கடினம் என்று யான் கருதுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் யான் ஆக்கிய வரலாற்று வினாத்தாள் ஒன்றைச் சக ஆசிரியர் ஒருவரிடம் பார்வையிடக் கொடுத்தேன். மூன்றாம் வினாவுக்கு இருவேறு பொருள் கொள்ளலாம் என்று அவர் சுட்டினார். எனக்கோ அதில் ஒரே பொருள்தான் தோன்றிற்று. அரை நாழிகை வாதாடினேன். இறுதியில் அவர் மாணவர் இருவரை அழைத்து வினாவைப் படிக்கச் சொன்னார். ஒருவன் யான் கருதிய பொருளைக் கூறினான். மற்றவன் அவர் கருதிய பொருளைக் கூறினான். வாதம் முடிந்தது. எழுதியவன் தான் எழுதியதைப் படிப்பதில்லை, தான் எண்ணியதையே படிக்கின்றான் என்பதை அன்று உணர்ந்தேன். மென்பொருள் எழுதுவோர் நிலையும் இதுவே.

நான்கு குழுவினர், ஒரு வளையம்

இம்மரபின் உச்சம் என்று கூறத்தக்க நிகழ்ச்சி 2018இல் நடைபெற்றது. 2017 ஏப்பிரலில், உலகின் பல இடங்களிலுள்ள தொலைகாட்டிகள் கூடி, எம் 87 என்னும் விண்மீன் மண்டிலத்தின் நடுவிலுள்ள கருந்துளையை நோக்கின. நிகழ்வெல்லைத் தொலைகாட்டி என்று அக்கூட்டுக்குப் பெயர். தரவின் அளவு மிகப் பெரிதாதலின், வன்தட்டுகளை வான்கலத்தில் ஏற்றியே அமெரிக்காவுக்கும் யேர்மனிக்கும் அனுப்பினர். தென்துருவத்துத் தட்டுகள் அங்குக் குளிர்காலம் நீங்கும் வரை காத்திருந்தன.

கருந்துளையைச் சூழ ஒளிவளையம் தோன்றும் என்று கொள்கை முன்னரே கூறியிருந்தது. ஈண்டே இடர் உண்டு. வளையத்தை எதிர்பார்த்து நிற்பவன் எங்கும் வளையத்தையே காண்பான். இதனைத் தவிர்க்கும்பொருட்டு விம்பமாக்குவோரை நான்கு குழுவினராகப் பிரித்தனர். ஒரு குழு மற்றொரு குழுவோடு உரையாடல் கூடாது. தம் விம்பத்தைக் காட்டலும் கூடாது. சில வாரங்களின் பின், 2018 யூலையில், நான்கு விம்பங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தனர். நான்கிலும் வளையம் இருந்தது. நான்கிலும் அதன் தென்பாகமே ஒளிமிக்கிருந்தது.

அவர்கள் அதனோடும் அமைந்தாரல்லர். வளையம், பிறை, நடுவில் துளையற்ற தட்டு, இரட்டைப் புள்ளி என்னும் வடிவங்களைக் கொண்டு போலித் தரவுகளை ஆக்கி, வெவ்வேறு கோட்பாட்டின்படி இயங்கும் மூன்று மென்பொருள்களுக்கு ஊட்டினர். தட்டைக் கொடுத்தபோது தட்டே வருதல் வேண்டும். தட்டைக் கொடுத்தும் வளையம் வருமாயின் அந்த அமைப்பை நம்பலாகாது. இவ்வாறு பல்லாயிரம் அமைப்புகளைத் தேர்ந்து, தேறியவற்றை மட்டும் உண்மைத் தரவுக்குப் பயன்படுத்தினர். விம்பமாக்கலுக்கு முன்னைய படியாகிய அளவுதிருத்தலுக்கும் தனித்தனி மூன்று வழிகள் கையாளப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏயிப்ஸை அடியாகக் கொண்டது; மற்றொன்று காசாவை அடியாகக் கொண்டது. முணுமுணுப்புக் கட்டளையோடு வளர்ந்த பழைய மென்பொருளும் அதன் வழிவந்த புதிய மென்பொருளும் ஒரே அவையில் ஒன்றற்கொன்று சான்றாக நின்றன. 2019 ஏப்பிரல் 10ஆம் நாள் உலகம் கண்ட அவ்வளையத்தின் விட்டம் 42 நுண் விற்செக்கன். அதாவது ஒரு விற்செக்கனை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பங்காக்கினால் வரும் ஒரு பங்களவு.

தடை கூறுவார் அதன் பின்னரும் இருந்தனர். வெளியிடப்பட்ட தரவை யப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர் தாமே ஆராய்ந்து, தமக்கு வளையம் கிட்டவில்லை என்று 2022இல் எழுதினர். கூட்டினர் அதற்கு விடை எழுதினர். 2018இல் மீளவும் நோக்கிப் பெற்ற தரவிலிருந்து ஆக்கிய விம்பம் 2024இல் வெளிவந்தபோது, அதே அளவான வளையம் மீண்டும் தோன்றிற்று. அதன் ஒளிமிக்க பாகம் மட்டும் சிறிது இடம்பெயர்ந்திருந்தது. தடையும் விடையும் இவ்வாறு தொடர்தல் இத்துறையின் குறைபாடன்று, அதன் உயிர்ப்பு.

முடிவுரை

வரலாறு கற்போர் இம்முறைகளுள் தமக்குப் பழகிய முகங்களைக் காண்பர். ஒரே செய்தியை ஒருவரையொருவர் அறியாத இரு சான்றாளர் கூறின் அதனை நாம் நம்புகின்றோம். ஒருவர் நூலைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று தெரியின் இரண்டையும் ஒரே சான்றாகவே எண்ணுகின்றோம். ஒரு கல்வெட்டைப் படித்தவர் தாம் காண விரும்பியதையே படித்தாரோ என்று ஐயுறுகின்றோம். வேறொருவரைக் கொண்டு படிப்பிக்கின்றோம். வானொலி வானியலார் நான்கு குழுவினரைத் தனித்தனியே இயங்கச் செய்தது இவ்வையத்தின் பயனே. காணாத பழங்காலத்தை ஆராய்வோரும் காணாத வானத்தை ஆராய்வோரும் ஒரே வழியில் நடக்கின்றனர்.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பயன் யாது? குற்றங் கூறுவோனைப் பகைவனாகக் கருதும் வழக்கம் நம்மிடையே வலுத்துள்ளது. வகுப்பறையில் ஆசிரியரின் கூற்றை ஐயுற்று எழும் மாணவன் அடங்காதவன் எனப்படுகின்றான். சங்கக் கூட்டத்திற் கணக்கைக் கேட்பவன் குழப்பக்காரன் எனப்படுகின்றான். இடித்துரைக்கும் நண்பனை இழந்தவன் கெடுதற்கு வேறு பகைவன் வேண்டியதில்லை என்பதை நாம் படிக்கின்றோம், தேர்விலும் எழுதுகின்றோம், நடைமுறையில் மறந்துவிடுகின்றோம். முறைப்பாட்டுக்கென ஒரு சொல்லைத் தம் கருவிக்குள்ளேயே பொதிந்துவைத்த அறிஞர் நமக்கு ஒரு வழியைக் காட்டியுள்ளனர். கல்லூரியாயினும் சங்கமாயினும் ஆட்சியாயினும், குறைகூற விரும்புவோன் எங்கே, எவ்வாறு, எவரிடம் கூறலாம் என்பது அமைப்பிலேயே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். கூறிய குறைக்கு விடையும் வருதல் வேண்டும்.

மாணவர்காள்! உங்களுட் சிலர் நாளை கணினிக்கு நிரல் எழுதுவீர். சிலர் வானை ஆராய்வீர். சிலர் என்போல் வரலாறு கற்பிப்பீர். எத்தொழில் ஏற்பினும், உம் ஆக்கத்தை முதலில் உம் நண்பனிடமும், அடுத்து உம்மை அறியாதவனிடமும் கொடுத்து, வழுக்காணச் சொல்லுக. அவன் கூறுவதை எழுதிக்கொள்க. உடனே மறுமொழி கூறாது ஒரு நாள் பொறுத்திருந்து மீளவும் படித்துப் பார்க்க. அதங்கோட்டாசான் அன்று வினாவாதிருந்தால் நமக்குக் கிடைத்த இலக்கணம் வேறாக இருந்திருக்கக்கூடும்.